மல்லிகைக்கு நான் சொன்ன மருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

கௌசல்யா எழுதறேனுங்க. உங்க மூட்டுவலி தேவலாமுங்களா? அம்மாவை ஈரத்துல நிக்க விடாதீங்க.

விவசாயப் படிப்புல கடைசி வருசப் பயிற்சிக்காக, நிலக்கோட்டைப் பக்கம் பொம்மையன் அண்ணன் வீட்டுல என்னைத் தங்க வெச்சிருக்காங்க. சாப்பாட்டுக்குக் குறையில்லைங்க. அவரு சம்சாரம் மாயம்மாள் அக்கா சோத்துக்குத் தொட்டுக்க எனக்குன்னு தனியா வெஞ்சனம் எடுத்து வெக்கறாங்க.

ஒரு சின்ன விசயம், பயந்துக்காதீங்க. இவங்க மல்லிகையில மொட்டுப்புழு விழுந்துருச்சு. நான் ஒரு மருந்தும் அளவும் சொன்னேன். நம்மளாட்டம் முதல்ல ஒரு பாத்திக்கு அடிச்சுப் பார்ப்பாருன்னு நினைச்சேன். அவரு, "படிச்ச புள்ள சொல்லிருச்சு, அப்பறம் என்ன தாயி"ன்னு அம்புட்டுச் செடிக்கும் அடிச்சுட்டாரு. இப்ப இலை நுனி மஞ்சளாத் தெரியுது. ஆவணி முகூர்த்தப் பூவை நம்பித்தான் இந்த வீடே இருக்கு. விடியக்காலம் பூப்பறிக்கறவங்களுக்கு முன்னாடியே போய் ஒவ்வொரு இலையாத் திருப்பிப் பார்க்கறேன். மொட்டு ஏதும் உதிர்ந்திருக்கான்னு செடிக்கு அடியிலயும் தேடறேன். எங்க காலேஜ் சார் அடுத்த வாரந்தான் வந்து பார்ப்பாரு.

என் டார்ச் லைட்டை இந்தப் பக்கம் வர்றவங்க யார்கிட்டயாச்சும் குடுத்து விடுங்க. நீங்களே கொண்டுவந்தாலும் சரிங்க. நம்ம தோட்டத்துல நான் எதைச் சொன்னாலும் "உனக்கென்ன தெரியும்"னு சண்டைக்கு வருவீங்களே, இங்க அப்படிக் கேக்க ஒருத்தருமில்லைங்கப்பா.

நிறுத்திக்கறேனுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு வாசல்ல வந்து நிக்கறாரு. அவருக்கும் மருந்து சொல்லணுமாம்.

உங்கள் மகள்,
கௌசல்யா