செஞ்சு பாத்தீங்களா, சாமி?

செஞ்சி
5-11-1985

அன்பு மகள் அமலோற்பவத்துக்கு நைனா எழுதுவது. சேசு துணை.

நீ பாடம் நடத்தும் மூன்றாம் வகுப்பில் நான் பட்ட அவமானம் பஸ்ஸை விட்டு இறங்கியும் தீரவில்லை. நான் வாங்கி வந்த ஆரஞ்சைக் காட்டி, "தோலை உரிச்சுத் தண்ணியில போட்டா மிதக்குமா, முழுகுமா? முதல்ல ஊகம் சொல்லுங்க, அப்புறம் செஞ்சு பார்க்கலாம்" என்றாய். நான் பெரிய மேதாவியாட்டம், "தோல் போனா லேசு, மிதக்கும்!" என்று கத்தினேன். அது கல்லு மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. "டீச்சரோட நைனா தோத்துட்டாரு!" என்று குதித்ததே ஒரு வாண்டு, அது யார்? நான் எட்டாவதில் தோற்றபோதுகூட யாரும் இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

இங்கே விடாத மழை. சைக்கிள் கடையில் ஈ ஓட்டுகிறேன். உன் வேலை நிரந்தரமாக வேண்டுமென்று அம்மா ஜெபமாலையும் கையுமாக இருக்கிறாள்.

பாக்கியசாமி


20-11-1985

அன்புள்ள நைனாவுக்கு,

குதித்தவள் பெயர் லூர்துமேரி. ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில், சேசு கடல்மேல் நடந்ததைப் பங்குச் சாமி சொன்னபோது, "நீங்க செஞ்சு பாத்தீங்களா, சாமி?" என்று கேட்டுவிட்டாள். கோயில் வாசலில் மழையில் முட்டி போட வைத்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் அவர்தானே பொறுப்பு. நான் பிள்ளைகளைக் கெடுக்கிறேனாம். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால்தான் வேலையாம். எழுத மாட்டேன் நைனா. கேட்கப் பழக்கியவள் நான். நானே மன்னிப்புக் கேட்டால் அவள் கேட்டது தப்பு என்று ஆகிவிடும். நீங்கள் வர வேண்டாம்.

அமலா


செஞ்சி
29-11-1985

அம்மா அமலா,

வராதே என்றாய், வந்தேன். சாமியை மட்டும் பார்த்துவிட்டு, உன்னைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டேன். "பெத்தவன் வளர்த்த லட்சணம், மன்னிச்சுடுங்க சாமி" என்று காலில் விழுந்தேன். உனக்குப் பதிலாக நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் எத்தனை பிழையோ! வேலை நிலைத்தது. கோபப்படாதே.

நைனா


8-12-1985

நைனா,

நீங்கள் எழுதிக் கொடுத்ததைக் காலை ஜெபத்தில் எல்லாருக்கும் முன்னால் வாசித்தார்கள். லூர்துமேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆரஞ்சு போட்டுப் பார்த்த தண்ணீர்த் தொட்டியை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஊகம் சொல்லச் சொன்னால், "நீங்களே சொல்லிடுங்க டீச்சர், எழுதிக்கிறோம்" என்கிறார்கள் பிள்ளைகள்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

அமலோற்பவம்


செஞ்சி
19-1-1986

அம்மா அமலா,

நீ வரவில்லை என்று எழுதிய பிறகு நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். காற்று அடித்துக் கொடுத்தவன் நான்தான். அம்மா கிறிஸ்துமஸுக்குச் சுட்டதில் உன் பங்கு அதிரசத்தை யாரையும் தொடவிடவில்லை, பூசணம் பிடித்துவிட்டது.

நான் மன்னிப்பு எழுதிக் கொடுத்த அன்றைக்குச் சாமி, "அந்தப் பொண்ணு கேட்டது தப்புதானே, பாக்கியசாமி?" என்றார்.

"தப்புதான் சாமி" என்றேன்.

அவள் வயசில் அதே கேள்வி என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது என்று நான் சொல்லவில்லை.

நைனா