பூமிக்காகக் கொடுத்த உருளி

ஜூன் 5, புதன்

எங்கள் காலனிக்கும் பகிர்வுக் குழு வந்துவிட்டது. ஆரம்பித்தவர் எதிர்வீட்டு கோமதிசங்கர், மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர். ஏணியோ பெரிய பாத்திரமோ ஒரு வீட்டில் இருந்தால் போதும், மற்றவர்கள் இரவல் வாங்கிக்கொள்ளலாம், புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. பூமி பிழைத்துக்கொள்ளுமாம். ‘ஏன் சேர்கிறீர்கள்?’ என்று வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வேறு. எல்லாரும் ‘பூமிக்காக’. கணேஷ்ராமும் பூமிக்காகத்தான். அடுத்த தெருவிலிருந்து இரவல் ஏணியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த மனுஷன்.

நானும் பூமிக்காகத்தான். என் வெண்கல உருளியைக் கொடுத்தேன். வீட்டுக்காரர் போன பிறகு ஒற்றை ஆளுக்கு உருளி எதற்கு?

ஜூன் 16, ஞாயிறு

உருளி திரும்பி வந்தது, உள்ளே ஒரு சம்படம் நிறையக் கூட்டாஞ்சோறோடு. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க இங்கே யாருக்கும் கை வராது. கொண்டுவந்தவள் கணேஷ்ராமின் மனைவி வேணி. வாடகைப் பாத்திரக் கடைக்குப் போகாமல் மிச்சம் பிடித்த பூரிப்பு முகத்தில் தெரிந்தது. “எதுக்கு இதெல்லாம்?” என்றேன். அதற்குள் கை வாங்கிவிட்டது. உட்கார்ந்து மாமியாரைப் பிய்த்து எறிந்துவிட்டுப் போனாள். அவ்வளவு ருசி. சோற்றைச் சொல்லவில்லை.

ஜூலை 3

இந்தத் தடவை உருளியைக் கொண்டுவந்தவள் மாடிவீட்டு ஜாய்சி. ஊர் மணப்பாடு, கடற்கரை. “மீன் வைக்கலக்கா, சத்தியமா. பாயசந்தான் வச்சேன்.” நான் சைவம் என்று மூன்று தடவை கழுவினாளாம். பாயசத்தில் சர்க்கரை ஜாஸ்தி. இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

ஜூலை 14, ஞாயிறு

குழுக் கூட்டம். எனக்கு என்ன கேடு? “பாவம், எல்லாரும் ஏதாவது செஞ்சு கொண்டாந்துருதாங்க. எதுக்கு இந்தச் சிரமம்?” என்றேன். நாலு பேர் ‘அதெல்லாம் சிரமமே இல்லை’ என்பார்கள், கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம் என்று ஆசை.

கோமதிசங்கர் எழுந்தார். “மதினி சொல்லுதது நியாயம். கேஸும் எண்ணெயும் விரயம். இனிமே பாத்திரத்தைக் கழுவி, காலியாவே குடுங்க.”

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜூலை 28, ஞாயிறு

உருளி வந்தது. வாட்ச்மேன் வாசலில் வைத்துவிட்டுப் போனார். பளபளவென்று தேய்த்து, துடைத்து. உள்ளே ஒன்றும் இல்லை.

பூமி பிழைத்தது.

ஆகஸ்ட் 4

இந்த வாரமும் ஒருத்தரும் வீட்டுக்குள் வரவில்லை. பூமியாம் பூமி. எவ பூமிக்காகக் குடுத்தா? ஆள் வரணும்னுதானே குடுத்தேன் — எழுதவே வெக்கமா இருக்கு.

ஆகஸ்ட் 10

ஜாய்சியிடம் குக்கர் இரவல் வாங்கினேன். என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

குக்கரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். உள்ளே தேங்காய்ப்பால் சொதி. கோமதிசங்கர் எதிர் பால்கனியிலிருந்து பார்த்தார். நல்லவேளை, குக்கருக்கு மூடி இருக்கிறது.

ஜாய்சி கதவைத் திறந்து, கனத்தைப் பார்த்துவிட்டு, “எதுக்குக்கா இதெல்லாம்?” என்றாள். கை அதற்குள் வாங்கிவிட்டது. “உள்ள வாங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்க.”

இப்போதுதான் வீடு திரும்பினேன். வேணி புதிதாக இரும்பு தோசைக்கல் வாங்கியிருக்கிறாளாம். நாளைக்கு இரவல் கேட்க வேண்டும்.