வலது கையைக் கட்டிய நாள்

அன்புள்ள அம்மாவுக்கு, சென்னையிலிருந்து சுஜிதா. நான் நலம். அப்பாவின் மூட்டுவலி குறைந்ததா?

நேற்று ஆக்குபேஷனல் தெரபி வகுப்பில் எங்கள் வலது கையைக் கட்டிவிட்டார்கள். கை முடங்கியவர்களின் சிரமம் தெரிய, நாள் முழுக்க இடது கைதான். பயப்படாதே, பாடம்தான். மதியம் வார்டில் சாப்பிடும்போது என் தட்டு நழுவிச் சோறு கொட்டியது. களைப்பில் அழுதுவிட்டேன்.

எனக்கு எதிரே இருந்த கட்டிலில் ராசிங்காபுரத்து பானுப்பிரியா. போடிமெட்டு ரோட்டில் ஜீப்பு கவிழ்ந்து வலது கை போனவள். மூன்று வாரமாகப் புருசன்தான் ஊட்டுகிறார். நான் சொல்லிக்கொடுத்த எதையும் அவள் செய்ததில்லை.

"தட்டுக்கு அடியில ஈரத்துணிய விரிச்சா நகராதுன்னு நீதான ஆத்தா சொன்ன?" என்றாள். பிறகு தன் தட்டை இழுத்து, தானே சாப்பிட்டாள்.

எள்ளுப்பொடி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனை வெரசா வைத்துவிடாதே. பேச ஒன்றுமில்லாவிட்டாலும் நீ சமைத்து முடிக்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

வார்டுக்கு நேரமாகிவிட்டது.
சுஜிதா