திருத்தாத ஒரு மாதம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து சர்க்கரை நோய்ப் புத்தகத்தின் மெய்ப்புத் திருத்தம். எழுதிய மருத்துவர் காற்புள்ளியை மாத்திரை மாதிரி வேளைக்கு மூன்று போட்டிருக்கிறார். எடுத்து எடுத்து என் சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது. பாதி அத்தியாயத்தில் பள்ளியிலிருந்து போன். "ஒருதடவ நேர்ல வந்துட்டுப் போங்க."

போனேன். வகுப்பாசிரியை என் மகள் வாண்டுவின் கட்டுரைத் தாள்களை மேசைமேல் பரப்பினார். மேலே பெயர், வகுப்பு, தேதி. கீழே வெள்ளை. ஒரு தாள் மட்டுமில்லை, எல்லாமே அப்படித்தான்.

"வாயால கேட்டா கதைகதையா அளக்குறா. பென்சிலக் குடுத்தா கல்லு மாதிரி உக்காந்துடுறா. வாசிக்கச் சொன்னாலும் தலையக் குனிஞ்சுக்குறா. வீட்ல என்ன பண்றீங்க?"

"நான் பிழை திருத்துற வேலைல இருக்கேன்" என்றேன். அது பதிலாகும் என்று ஏன் நினைத்தேனோ.

"ஓ" என்றார். கொஞ்சம் நீளமான ஓ. பிறகு, சனிக்கிழமைகளில் நூலகத்தில் பெற்றோருக்காக ஒரு கூட்டம் நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். எனக்கா? எழுத்தே சோறு போடுகிற எனக்கா?

மார்ச் 5, புதன்

சாயங்காலம் உட்காரவைத்து நான் சொல்ல அவளை எழுதச் சொன்னேன். முதல் சொல்லிலேயே அழித்தாள். மறுபடி அழித்தாள். தாள் கிழிந்தது.

"எழுதினாத்தானேடி அழிக்கணும்! எழுதறதுக்கு முன்னாடியே அழிச்சா எப்படி?" குரல் தானாக ஏறிவிட்டது.

கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர், "விடேன், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

"நீங்க பேசாதீங்க. நீங்க கண்டுக்காம விட்டதாலதான் இவ்வளவும்."

அநியாயம்தான். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டு ஏசியைப் பழுதுபார்த்துக் குளிர வைத்துவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டில் இந்த அனல்.

மார்ச் 6, வியாழன்

அவள் பேசவில்லை. நானும்.

மார்ச் 8, சனி

போய் வந்தேன். நூலகத்தில் குழந்தைகள் பகுதி. நாற்காலிகளும் குழந்தைகளுக்கானவை, எல்லோருக்கும் முழங்கால் மோவாயைத் தொட்டது. என் பக்கத்தில் ஒரு டாக்சி டிரைவர், எதிரே ஒரு நர்ஸ், இன்னும் சிலர். நூலகர் என்னைவிட வயதில் சின்னவர். தாளைக் கொடுத்து, "எனக்குப் பிடிச்ச இடம்னு நாலு வரி எழுதுங்க. இடது கையால" என்றார்.

எழுத ஆரம்பித்ததும் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார். "இது என்ன எழுத்து? கோழி கிளறின மாதிரி இருக்கு. சீக்கிரம், சீக்கிரம். பக்கத்துல பாருங்க, அவரு எவ்வளவு அழகா எழுதுறாரு!"

"மேடம், இதுக்கு நான் டிராபிக்லயே நின்னுருப்பேன்" என்றார் டிரைவர். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'மொட்டைமாடி' என்று எழுதத்தான் நினைத்தேன். இத்தனை வளைவுக்கு எங்கே போவது? 'வீடு' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அப்படியானால் வாண்டு எத்தனை மொட்டைமாடிகளை விட்டிருப்பாள்?

நூலகர் சொன்னது இவ்வளவுதான்: ஒரு மாதம் திருத்தாதீர்கள். தினமும் ஏதாவது வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், பிறகு அதைச் சேர்ந்து வாசியுங்கள்.

"தப்பாவே பழகிட்டா?" என்று கேட்டேன்.

"எழுதவே பழகலன்னா?" என்றார்.

நல்ல வாய். வீடு வரும்வரை அந்தப் பெண்மேல் கோபமாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

"நீ ஒரு கதை சொல்லு, அம்மா எழுதுறேன்" என்றேன். வாண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்புறம் திருத்துவியா?"

"எழுதுறது நானாச்சே. தப்பு வந்தா என் தப்புதான்."

அது பிடித்துப்போயிற்று. எங்கள் கட்டடத்து லிப்ட்டைப் பற்றிச் சொன்னாள். அதற்கு மூன்றாம் மாடிக்காரர்களோடு சண்டையாம், அதனால் அங்கே மட்டும் நிற்காதாம். நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனேன். முடித்ததும் தாளை இழுத்து, விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். திடீரென்று விரல் நின்றது.

"நான் இப்படிச் சொல்லவே இல்லையே! 'மின்தூக்கி மிகுந்த கோபம் கொண்டது'ன்னு போட்டிருக்க. மின்தூக்கின்னா யாரு? 'லிப்ட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு'ன்னுதானே சொன்னேன்!"

வாசித்திருக்கிறாள்! தலையைக் குனியாமல், முழு வரியையும்.

என் வரியை நானே அடித்தேன். "நல்லா அடி" என்று பக்கத்தில் நின்று மேற்பார்வை வேறு.

யோசித்துப் பார்க்கிறேன். அவள் பேசுவது ஒரு தமிழ், தாள் கேட்பது இன்னொரு தமிழ். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிற வழியே அவளுக்குப் புதிது. நடுவில் நான் சுங்கச்சாவடி மாதிரி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

இன்றைக்கு வாசித்துக் காட்டும் முறை அவருக்கு. கம்ப்ரஸர் கையேட்டை வாசிக்கிற அதே குரல். வரி எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்திவிடுகிறார். "பூனை சொன்னது மியா." ஒரு பெருமூச்சு. "வ்."

வாண்டு விழுந்து புரண்டு சிரித்தாள். "அப்பா, அது மியாவ்ப்பா! குடு இங்க." பிடுங்கி அவளே வாசித்தாள். அரண்மனை 'அரைமனை' ஆயிற்று. "பாவம் ராஜா, பாதிதான் கட்டினாரு போல" என்றார் அவர். அவளே திரும்பிப் போய்ச் சரியாக வாசித்தாள்.

நான் அடுப்பங்கரையில் நாக்கைக் கடித்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன். தேவைக்கு மேல் நறுக்கிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவும் அத்தானும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே அத்தான், "எங்க நம்ம பல்லி?" என்றார்.

போன வருஷம் வாண்டு, 'நான் தினமும் பல்லிக்குப் போகிறேன்' என்று எழுதியிருந்தாள். பள்ளி பல்லியாகிவிட்டது. நான் அதை அக்காவிடம் போனில் சொன்னேன். அன்றிலிருந்து அத்தானுக்கு அவள் பல்லி.

வாண்டு அறைக்குள் போய்விட்டாள். இதற்கு முன்பும் இப்படித்தான் போயிருப்பாளா? நான் பார்த்ததே இல்லை. சோறு பரிமாறுகிற கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"அத்தான், இனிமே அவள அப்படிக் கூப்பிடாதீங்க."

"அட, செல்லமாத்தானேம்மா!"

"தெரியும் அத்தான். ஆனா அவ எழுதறதையே விட்டுட்டா."

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. "சொன்னதே நீதான்டி. விழுந்து விழுந்து சிரிச்ச. இப்ப எங்க தலைல போடுற."

"ஆமாக்கா. மொதல்ல சிரிச்சது நான்தான்."

சாப்பிட்டு முடித்து அத்தான் அவள் கதவருகே போய் நின்றார். "கண்ணு, பெரியப்பா இனிமே பேரச் சொல்லித்தான் கூப்பிடுவேன், சரியா?" கதவு திறக்கவில்லை. அவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தார்.

அவர்கள் போன பிறகு வாண்டு கேட்டாள். "பல்லின்னு எழுதினத ஏன் பெரியம்மாகிட்ட சொன்ன?"

"சிரிப்பா இருந்துச்சு. சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது."

யோசித்தாள். "சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா மொதல்ல என்கிட்ட சொல்லியிருக்கணும்ல? நானும் சிரிச்சிருப்பேன்."



மார்ச் 20, வியாழன்

பள்ளியில் இன்றும் வெள்ளைத்தாள். நான் செய்வது பொறுமையா, முட்டாள்தனமா? மாதம் என்பது இவ்வளவு நீளம் என்று இதுவரை தெரியாது.

மார்ச் 27, வியாழன்

லிப்ட்டுக் கதை வளர்ந்துகொண்டே போகிறது. இப்போது அது படிக்கட்டோடு கூட்டணி சேர்ந்துவிட்டது. அவள் வேகத்துக்கு என் கை ஓடவில்லை.

"நீ ரொம்ப மெதுவா எழுதுற. குடு."

பென்சிலைப் பிடுங்கி ஒரு சொல்லை அவளே எழுதினாள். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாள், சுடுகிற பாத்திரத்தைக் கொடுப்பதுபோல.

நான் அந்தச் சொல்லைப் பார்க்கவே இல்லை.

சரி, பார்த்தேன். பிழைதான். வாயைத் திறக்கவில்லை. அடுத்த வரியை எழுதினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கட்டுரைத் தாளில் இரண்டு வரி எழுதியிருக்கிறாளாம். ஆசிரியை போனில் சொன்னார். அவரும் திருத்தவில்லையாம், பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தாராம். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

வண்டி நிறுத்துகிற இடத்தில் யாரோ விட்டுப்போன பூனைக்குட்டி. வாண்டு அதைச் சட்டைக்குள் வைத்து மேலே கொண்டுவந்துவிட்டாள். கூடவே கூடாது என்றேன். அவருக்குப் பூனை முடி ஆகாது. போன தடவை மூச்சுத் திணறி மருத்துவமனைக்கே போகவேண்டி வந்தது. கடைசியில் கீழே காவல்காரர் வீட்டில் குட்டியை எடுத்துக்கொண்டார்கள். அழுகை, கத்தல், படாரென்று கதவு.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியிலிருந்து ஒரு தாள் வந்தது.

'அம்மா உன்கூட கா. பேச மாடேன். நீ கள் நெஞ்சு காரி. பூணை பாவம்.'

யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல் அவளாகவே எழுதியது. ஒரு வரியில்கூட அழித்த தடம் இல்லை. கல் நெஞ்சு கள் நெஞ்சாகிவிட்டதில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்தத் தாளில் பேனாவை வைக்கவில்லை. வேறு தாளில், 'எனக்கும் பாவமாத்தான் இருக்கு. அப்பாவுக்கு மூச்சு முட்டுமே, நான் என்ன பண்ண?' என்று எழுதி அதே வழியாக உள்ளே தள்ளினேன். தாள் மறைந்தது. உள்ளே சத்தமே இல்லை. வாசிக்கிறாள். பிறகு பென்சில் ஓடுகிற சத்தம்.

அவர் வந்து, "நான் போய்ப் பேசட்டுமா?" என்று கேட்டார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். புரியாமல் அவரும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பென்சில் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல், கோபம் இன்னும் இறங்காத குரல்:

"அம்மா! எரிச்சலுக்கு எந்த ர?"

"சின்ன ர" என்றேன்.

"சரி. உள்ள வராத. இன்னும் எழுதி முடிக்கல."

கதவில் சாய்ந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என்மேல் என்ன எரிச்சல் என்று இன்னும் தெரியவில்லை. நீளமாகத்தான் எழுதுகிறாள் போலிருக்கிறது.