நான் சொல்லிவிட்ட பன்னிரண்டு சொற்கள்

அனுப்புநர்:
குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக்கின் தகப்பன்,
பார்சல் கிடங்கில் முப்பத்தெட்டு ஆண்டு சுமை தூக்கியவன்,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறச் சந்து, இரண்டாம் மாடி.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: ரொக்கம் கொடுத்து கிரிப்டோ நாணயம் வாங்கிய என் மகன் காணாமல் போனது, கடனுக்குப் பயந்து ஓடியவன் என்று எழுதப்பட்ட பதிவைத் திருத்தவும், வங்கியின் கேமராப் பதிவை அழியுமுன் எடுத்து வைக்கவும் வேண்டுவது, நான் இதுவரை மறைத்த ஒன்றைத் தெரிவிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதும் அம்மையார் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். விஷயத்தில் பிழை இருந்தால் என்னுடையது, எழுத்தில் இருந்தால் அவருடையது என்று அவரே சேர்க்கச் சொன்னார். படிப்பு இல்லையே தவிர, ஞாபகம் உண்டு. லாரியில் நூற்றிருபது பெட்டி இறங்கினால் எதன் மேல் என்ன குறி, எது எந்த மூலையில் நசுங்கியது என்று மாலையில் ஒன்று விடாமல் சொல்வேன். கிடங்கில் என்னை 'நடமாடும் பேரேடு' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இந்த மனு.

2. என் மகன் பழுது பார்க்கும் கடையை வாடகைக்கு நடத்தி வந்தான். அதைச் சொந்தமாக வாங்க ஒன்பது வருடம் சேர்த்த பணம் அவனிடம் இருந்தது. கடன் ஒரு காசு இல்லை. அந்தப் பணத்தைக் கிரிப்டோவில் போட்டு வைக்கலாம் என்று நினைத்தான். இணையத்தில் வாங்கிய அவன் கூட்டாளி ஒருவன் போலித் தளத்தில் ஏமாந்திருந்ததால், முகம் பார்த்து, கையில் ரொக்கம் கொடுத்து வாங்குவதே பத்திரம் என்று முடிவு செய்தான்.

3. பத்திரத்துக்கு அவன் வைத்த விதிகள் எனக்கு மனப்பாடம். பகலில் மட்டும் சந்திப்பது. ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள இடத்தில் சந்திப்பது. தனியாகப் போகாமல் என்னைக் கூட்டிப் போவது. முதலில் சிறு தொகைக்கு வாங்கிப் பார்ப்பது. நாணயம் தன் கைபேசிக்கு வந்து மூன்று முறை உறுதி ஆகும் வரை ரொக்கத்தைக் கைவிடாமல் இருப்பது. ஒரு தரகரிடம் இரண்டு முறை சிறிதாக வாங்கினான். ஒரு குறையும் இல்லை.

4. அந்த நாணயம் கைபேசியில் இருக்குமாம். கைபேசியே தொலைந்தாலும் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வரிசை மாறாமல் போட்டால் வேறு கைபேசியில் திறந்துகொள்ளலாமாம். சொல் யாரிடம் இருக்கிறதோ பணம் அவரிடம். காகிதத்தில் எழுதினால் யார் கையிலாவது சிக்கும் என்று என் மகன் அந்தச் சொற்களை என்னிடம் வைத்தான். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஒன்றுக்குக் குடை என்று அர்த்தம், இன்னொன்றுக்கு நதி என்று அர்த்தம். மற்றவை எனக்கு வெறும் சத்தம். தினமும் காலைத் தேநீரின்போது, "ம், ஓடட்டும்பா" என்பான். நான் சொல்வேன். சொல் தவறினால் விரலைத் தூக்குவான். மூன்றாம் நாளுக்குப் பிறகு விரல் தூக்க வேண்டி வரவில்லை. என் மருமகள், "மாமாவை வெயில்ல அனுப்பாதீங்க, பேங்க் உருகிடும்" என்று கேலி செய்வாள். அப்போதே அவன் சொல்லியிருந்தான்: "யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுப்பா. போலீஸே கேட்டாலும்."

5. இன்றைக்கு இருபத்தொரு நாள் முன்பு, பகல் பதினொரு மணிக்கு, கடைவீதி வங்கியின் கூடத்தில் முழுத் தொகைக்கும் வாங்கினான். தரகர் வந்தார். உடன் கண்ணாடி போட்ட ஒருவரும் வந்தார்; வாசலில் அவர் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே பார்த்தேன். நாணயம் வந்தது, மூன்று முறை உறுதியானது, நானும் திரையைப் பார்த்தேன். பிறகு நோட்டை எண்ணும் இயந்திரம் இருந்த சன்னலுக்கு என் மகனும் தரகரும் போனார்கள். கண்ணாடிக்காரர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

6. அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை, ஐயா. இதை நான் இருபத்தொரு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அவர் கேட்கவே இல்லை. "உங்க பையன் அந்த வார்த்தையை எல்லாம் எழுதி வைக்கலையே? எழுதினா ஆபத்துங்க ஐயா" என்று அக்கறையாகச் சொன்னார். எழுதவில்லை என்று சொல்லி நான் என் நெற்றியைத் தட்டிக் காட்டினேன். அவர் சிரித்தார். "இந்த வயசுலயா? இங்கிலீஷ் தெரியாமலா? விடுங்க ஐயா, ஏழு தாண்டாது" என்றார்.

நான் பன்னிரண்டையும் சொன்னேன். கையில் இருந்த கைபேசியை அவர் மணி பார்ப்பதுபோல் பிடித்திருந்தார். முடித்ததும், "அடேங்கப்பா" என்று என் தோளைத் தட்டினார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் எழுதச் சொல்கிறேன்.

7. மறுநாள் காலைத் தேநீரின்போது கைபேசியைத் திறந்த என் மகன் அதைக் கவிழ்த்து வைத்தான். திரும்ப எடுத்துப் பார்த்தான். "மொத்தமும் போயிடுச்சுப்பா" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அந்த வார்த்தையை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றான். குரலை உயர்த்தவில்லை. மருமகள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

இல்லை என்றேன்.

"அப்போ அந்தத் தரகன்தான் என் போன்ல ஏதோ பண்ணியிருக்கான்" என்று செருப்பை மாட்டினான். என் பேச்சை அவன் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. கருவிப் பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். மாடிப்படியில் அவன் இறங்கும் சத்தம் கடைசிப் படி வரை கேட்டது. கூப்பிட நேரம் இருந்தது. நான் கூப்பிடவில்லை. அதன் பிறகு அவன் திரும்பவில்லை. மதியம் முதல் அவன் கைபேசி அணைந்து கிடக்கிறது.

8. மூன்றாம் நாள் மருமகள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். பணம் போனது என்றதும், கடன் தொல்லையால் வீட்டை விட்டுப் போனவர் என்று எழுதிக்கொண்டார்கள். நானும் அங்கே நின்றிருந்தேன். கண்ணாடிக்காரரைப் பற்றிச் சொன்னால், அவரிடம் நீ என்ன பேசினாய் என்ற கேள்வி வரும். அதனால் வாயைத் திறக்கவில்லை. சென்ற வாரம் தனியாகப் போய் அவர் வந்த ஸ்கூட்டரின் எண்ணை மட்டும் சொன்னேன். "பெரியவரே, கையெழுத்தே போடத் தெரியாது, நம்பர் பிளேட் படிச்சீங்களா?" என்று சிரித்தார்கள். எனக்கு எண்கள் தெரியும். எழுத்துகள் தெரியாது, ஆனால் பெட்டியின் குறி போல அவற்றின் உருவம் தெரியும். வரைந்து இணைத்துள்ளேன். அவருடைய இடது செருப்பில் கட்டைவிரல் வார் கறுப்பு நூலால் தைக்கப்பட்டது. வலது புருவத்தில் குறுக்கே முடி இல்லாத கோடு உண்டு.

9. வங்கியின் காவலாளியிடம் விசாரித்தேன். "முப்பது நாள்தான் இருக்கும் தாத்தா, அப்புறம் புதுசு மேல ஏறிடும். ஸ்டேஷன்லேர்ந்து கேட்டாத்தான் குடுப்பாங்க" என்றார். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதில் அவருடைய முகமும் இருக்கும், என் வாய் அசைவதும் இருக்கும். இரண்டையும் தாங்கள் பார்க்க வேண்டும்.

10. என் மகன் தவறான ஆளைத் தேடிப் போயிருக்கிறான். சரியான ஆளை அவனுக்குச் சொல்லாதவன் நான். காலையில் தேநீர் முன்னால் உட்கார்ந்தால் வாய் தானாகச் சொல்லத் தொடங்குகிறது. ஏழாவது சொல் வந்ததும் அந்தச் சிரிப்பு கேட்கிறது. நிறுத்திப் பார்த்தேன், நிறுத்தினால், எட்டாவதை யாரோ அறைக்குள் சொல்கிறார்கள். படியில் யார் ஏறினாலும் மருமகளும் நானும் ஒரே சமயத்தில் கதவைப் பார்க்கிறோம். அவள் என் முகத்தைப் பார்ப்பதற்குள் நான் திரும்பிக்கொள்கிறேன். இந்த மனு எழுதி முடிந்ததும், முதலில் அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் தங்களிடம் கொண்டு வருவேன்.

11. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, அந்தக் கேமராப் பதிவை ஒன்பது நாளுக்குள் எடுத்து வைக்கவும், கண்ணாடிக்காரரையும் தரகரையும் விசாரிக்கவும், என் மகன் கடனாளி என்ற வரியை அடித்துவிட்டு அவனை உயிரோடு தேடித் தரவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன். பணத்தைக் கேட்கவில்லை. என் மேல் வழக்கு உண்டென்றால் அதற்கும் வருகிறேன்.

12. அந்தப் பன்னிரண்டு சொற்களையும் சான்றாக மனுவில் சேர்க்கலாமே என்று மனு எழுதும் அம்மையார் கேட்டார். அவற்றால் திறக்கும் பெட்டி இப்போது காலி என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் போலீஸே கேட்டாலும் சொல்லக் கூடாது என்பது என் மகன் பேச்சு. ஒருமுறை மீறிவிட்டேன். ஐயா அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவன் எதிரில் வந்து உட்கார்ந்து, "ம், ஓடட்டும்பா" என்றால் சொல்வேன்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: என் மகன் போன இருபதாம் நாள்

இணைப்பு: ஸ்கூட்டர் எண், என் கையால் வரைந்தது, ஒரு தாள்.

மேலே கண்டது முழுவதும் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டப்பட்டது. ஏழாம் பத்தியை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

இப்படிக்கு,
மனுதாரரின் இடது பெருவிரல் ரேகை