பழைய இரும்புக் கடைத் தராசும் நம் கோப்பையும்

இன்று காலை பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலில் வண்டியை நிறுத்தினார். கதவு காற்றில் அடிக்காமலிருக்க நான் முட்டுக் கொடுத்திருக்கும் இரும்புத் தட்டைக் கேட்காமலேயே தூக்கித் தன் மின்தராசில் வைத்தார். "இன்னா சார், இருவதுன்னு வெட்டிக் கீது, இருவத்தி ரெண்டு காட்டுது?" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. பைத்தியம் என்று நினைத்திருப்பார். சேர்ந்து சிரிக்க நீ இல்லையே என்பது அப்புறம்தான் உறைத்தது.

கொரட்டூர் ஏரிக்கரையில் நாம் பளு தூக்கிப் பழகிய கீற்றுக் கொட்டகை. நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தாய். நான் ஆவடி பாக்டரியில் பிட்டர். பளு தூக்கத் தட்டு வேண்டும், வாங்க வழியில்லை. நீ முதலாளியிடம் கேட்டு மிஞ்சிய இரும்பில் நீயே வார்த்தாய். தடிமனாக வார்ப்பது, ஓரத்தை அரைத்து எடையைச் சரிக்கட்டுவது, இதுதான் நம் ஏற்பாடு. எடை பார்க்கத் தராசு? தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனோம். முள் இருபதில் நின்றதும் அரைப்பதை நிறுத்தி, உளியால் எண்ணை வெட்டினாய். உனக்குத்தான் எத்தனை பெருமை!

என்னைத் தூக்கவைத்து எதிரே நின்று கத்துவாய். "சிக்னல் வர்ற வரைக்கும் எறக்காதே மாமே!" நடுவர் 'இறக்கு' என்று சொல்லும்வரை தலைக்கு மேல் பிடித்திருந்தால்தான் அது கணக்கு. எனக்குத் தோள் பிய்ந்துபோகும். நீ வேண்டுமென்றே வாயைத் திறக்க மாட்டாய். கடங்காரா, எத்தனை நாள் உன்னைத் திட்டியிருக்கிறேன்!

மண்டலப் பளுதூக்கும் கோப்பை அதுவரை துறைமுகத்துப் பக்கத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் சாப்பாட்டுப் பந்திக்குத்தான் லாயக்கு என்று அங்கே கேலி. கொட்டகையில் நீ நூற்றிப்பத்து கிலோவைத் தாண்டமாட்டாய்; அங்கே நூற்றிருபதுக்குக் குறைந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் வருஷா வருஷம் பெயர் கொடுக்காமலே தட்டிக்கழித்தாய். கடைசியில் தெருப் பெரியவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த வருஷமாவது கோப்பை வரவேண்டும். இல்லையென்றால் கொட்டகை, பந்தல் போடும் ஷாமியானாக்காரருக்கு மூங்கில் போட்டுவைக்கப் போய்விடும்.

போட்டியன்று ரயில் தாமதம். கைகாலை உதறிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். முதலில் ஸ்னாட்ச், ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது. நீ வழக்கம்போல முழு மூச்சோடு இழுத்தாய். கம்பி மேலே பறந்தது. கூடவே நீயும் ரெண்டு எட்டு பின்னால் ஓடி, எப்படியோ சமாளித்து நின்றாய். தூக்கியது செல்லும் என்று மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. நான் துள்ளிக் குதித்தேன். நீயோ முகத்தைச் சுளித்துக்கொண்டு நேராக நடுவர் மேஜைக்குப் போனாய்.

"சார், வெயிட்டு கம்மியா கீது. செக் பண்ணுங்க."

அரங்கமே சிரித்தது. எடை அதிகம் என்றுதான் எல்லாரும் சண்டைக்கு வருவார்களாம், கம்மி என்று வந்த முதல் ஆள் நீதானாம். நீ விடுவாயா? தட்டுகளைக் கழற்றி நிறுத்தே காட்டினார்கள். அத்தனையும் சரியான எடை. நீ பேயறைந்தவன் போல என்னிடம் வந்தாய். உன் காது நுனி சிவந்திருந்தது.

"மாமே, பழைய இரும்பு வாங்குற தராசு எப்பயும் கம்மியாத்தானே காட்டும்?"

ஐயோ, அந்த நிமிஷம்! ஊரையே ஏய்த்த தராசை நம்பி, கூடுதல் பாரத்தை இத்தனை வருஷமும் முக்கி முக்கித் தூக்கிக்கொண்டு, நமக்குத் தெம்பு போதவில்லை என்று அழுதிருக்கிறோம். அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. அடுத்தது ஜெர்க், மார்பில் ஏந்தி அங்கிருந்து மேலே தள்ளுவது. அதில் நூற்றிருபதைப் பூப்போலத் தூக்கிவிட்டு, துறைமுகத்துக்காரனை முந்த நூற்றிருபத்தைந்து கேட்டாய். மார்புக்கு வந்தது, முழங்கால் நடுங்கியது, மேலே போய் நின்றது. நடுவர் 'இறக்கு' என்றார். நீ இறக்கவில்லை. அவர் இரண்டாம் முறை கத்திய பிறகுதான் போட்டாய். கோப்பை முதன்முறையாக மேற்கே வந்தது.

ரயிலிறங்கி நேரே பழைய இரும்புக் கடைக்குத்தான் போனாய். "அண்ணாத்தே, இத்த உன் தராசுல போடு" என்று கோப்பையை நீட்டினாய். அந்த மனுஷன் கைகூப்பிவிட்டார். நம் கொட்டகையைப் பிடுங்க இருந்த ஷாமியானாக்காரரே இலவசமாகப் பந்தல் போட்டார். அந்தத் தட்டுகளை யாரும் அரைத்துத் திருத்தக்கூடாது என்று அன்றே சட்டம் போட்டாய். தொண்ணூறுகளில் புதிதாக வந்த பிள்ளைகள், விஷயம் தெரியாமலே அதைத் தூக்கி, வெளியே போய்க் கோப்பையாக அள்ளிக்கொண்டு வந்தார்கள். போட்டியே ஒரு வருஷம் அம்பத்தூரில் நடந்தது. துறைமுகத்துக்காரர்கள் நம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நீதான் சாம்பார் ஊற்றினாய், வேண்டுமென்றே.

இரும்புக்காரர் விலை பேச ஆரம்பித்தார். நான் தட்டைத் தராசிலிருந்து எடுத்தேன். வீட்டுக்காரி உள்ளேயிருந்து இடுப்பு, இடுப்பு என்று கத்தினாள். அதற்குள் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். தோள் நடுங்கியது. எதிரே நின்று இறக்கச் சொல்ல நீ இல்லை.

நான் இறக்கவில்லை, மாமே.