பசிக்க விட்ட காலை

என் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் அண்ணனுக்கு ஜுரம் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அவன் பக்கத்திலேயே படுத்திருக்கிறான், பேச்சு வராவிட்டாலும் காது நன்றாகக் கேட்கிறது, அதனால்தான். பிழை இருந்தால் சிரிக்காமல் படி.

அப்பாவைக் கொண்டுபோன அந்த லாரி விபத்து அண்ணனை மூக்கில் குழாயோடு படுக்க வைத்து நாளையோடு நாலு மாசம். போன வாரம் தொண்டையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள், விழுங்க முடிகிறது, கெட்டியாகக் கொடுத்து மெல்லப் பழக்குங்கள் என்றார்கள். அதற்கென்று ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள், உன் வயசு இருக்கும், வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள், தாடையைத் தாழ்த்தி விழுங்கச் சொல்வாள், கையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்பூன். நான் வைத்த பெயர் ஸ்பூன் டீச்சர். அவளிடமே சொல்லிவிட்டேன், அவள், என் மாமியார் எனக்கு வைத்த பெயருக்கு இது எவ்வளவோ தேவலை என்று சிரித்தாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. காலை எட்டு மணிப் பாலைக் குழாயில் ஊற்றாதீர்கள், வயிறு நிறைந்தே இருந்தால் வாய்க்கு என்ன அவசரம், பத்தரைக்கு நான் வரும்போது அவர் பசியோடு இருக்க வேண்டும் என்றாள். தலையாட்டினேன். அவள் வந்த ஆறு நாளும் ஊற்றினேன் கண்ணு. பால் ஊற்றும் சிரிஞ்சைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவள் பார்க்கும் நோட்டில் காலைப் பால் இல்லை என்று எழுதினேன். அவள் பழத்தை மசித்துக்கொண்டு உட்காருவாள், இவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், போட்டதைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வான். பெரிய டாக்டர் இனி இவர் வாயால் சாப்பிடுவது கஷ்டம், வியாழக்கிழமை வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைத்துவிடலாம் என்று கையெழுத்துக்குக் காகிதம் கொடுத்துவிட்டார்.

ஏன் ஊற்றினாய் என்று கேட்பாய். உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அப்பா கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அப்புறம் தருகிறேன் என்றேன், மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அதையே சொன்னேன். நர்ஸ் சொன்னது சரிதான், தப்பில்லை. ஆனால் எட்டு மணி ஆனால் என் கை நிற்காது.

காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை டீச்சர் கிளம்பும்போது மாடிப்படியில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பையைக் கீழே வைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “பசியே இல்லாதவருக்கு ஆறு நாளா ஊட்டியிருக்கேன்மா. அவருக்கு முடியலைன்னு எழுதியும் கொடுத்துட்டேன்” என்றாள். அதற்குத் திட்டியிருக்கலாம். நாளை ஒரு நாள் ஊற்றாமல் இருப்பீர்களா என்றாள். என்னை நம்பாதே என்றேன். அன்று கடைசிப் பாலை ஊற்றியதும் சிரிஞ்சைக் கொண்டுபோய்க் கீழ்வீட்டு டெய்லரிடம் கொடுத்து, பதினொன்றுக்கு முன்னால் நான் அழுதாலும் தராதே என்றேன். துணி வாங்க வருகிறவர்களுக்கே நான் சொன்ன தேதியில் தந்ததில்லையே அக்கா, கவலைப்படாதீர்கள் என்றார்.

புதன்கிழமை எட்டு மணிக்கு அவன் சிரிஞ்ச் வைக்கும் அலமாரியைப் பார்த்தான். ஒன்பதுக்கு விரலால் குழாயைத் தட்டினான். அதற்கப்புறம் கட்டில் கம்பியை அடிக்க ஆரம்பித்தான், எனக்கு உயிரே போயிற்று. இரண்டு தடவை இறங்கிப் போனேன், டெய்லர் மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். பத்தரைக்கு டீச்சர் வந்து அவனை நிமிர்த்தி உட்காரவைத்தாள். ஊட்டவில்லை, ஸ்பூனை அவன் கையிலேயே கொடுத்து மணிக்கட்டை மட்டும் தாங்கினாள். வாயைத் திறந்தான். நாலாவது வாயில் இருமினான், நான் ஓடினேன், இருமட்டும், இருமுவதுதான் நல்லது என்று கையை நீட்டித் தடுத்தாள். எட்டு ஸ்பூன் போயிற்று. எட்டாவதைப் பல்லால் கடித்துக்கொண்டு விடவே இல்லை.

டாக்டரிடம் அவளே கூட வந்து பேசினாள். நான் செய்ததை நான்தான் சொன்னேன். இரண்டு வாரம் தவணை கொடுத்திருக்கிறார், அதற்குள் பாதிச் சாப்பாடாவது வாயால் போக வேண்டும், காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள் என்றார். நேற்று ஐந்து ஸ்பூன்தான். இன்னும் ஒன்றும் நிச்சயமில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று அலையாதே. அண்ணனிடம் பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்காதே, பசிக்கிறதா என்று கேள். இன்னொன்று, எங்கள் ஊர் காலை எட்டு மணிக்கு எனக்கு போன் செய். உனக்கு வேலை நேரமாக இருந்தாலும் செய். எதையாவது பேசு, சண்டைகூடப் போடு, பத்தரை வரைக்கும் வைத்துவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் நிறைந்த வயிறும் நிறைந்த மனசுமாக இருக்க வேண்டும்.

சிரிஞ்சைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா